கையில் காசு குறைவு, கடைக்கு ஆள் வர வேண்டும்

கடன் வாங்கி பேனர், லோக்கல் கேபிளில் விளம்பரம், ரிப்பன் வெட்ட ஒரு நடிகர் என்று முதலைக் கரைத்துவிட்டு, சில மாதங்களிலேயே சரக்கு எடுக்கப் பணமில்லாமல் நிற்கும் சிறு கடைக்காரர்களைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது. அவர்கள் உழைப்பில் குறையில்லை. விளம்பரம் பற்றி ஊர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்கள்.

நம்பிக்கை: பெரிய கம்பெனியோடு மோத பெரிய பணம் வேண்டும்.

உண்மை: 1983-ல் கடலூரில் சி.கே. ரங்கநாதன் சிக் ஷாம்பு தொழிலை 15,000 ரூபாயில் தொடங்கினார். ஷாம்பு பழக்கமே அதிகம் இல்லாத கிராமங்களுக்கு அவருடைய ஆட்கள் போனார்கள். கூட்டத்தின் நடுவே ஒரு பையனுக்குத் தலை அலசிவிட்டு, முடியைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் சொன்னார்கள். ரஜினி படம் போட்டு, நடுவில் தங்கள் விளம்பரத்தைக் காட்டி, படம் முடிந்ததும் பாக்கெட்டுகளை இலவசமாகக் கொடுத்தார்கள். இன்னொரு திட்டம் இன்றைக்கும் படிக்க வேண்டிய பாடம்: எந்த கம்பெனியின் காலி ஷாம்பு பாக்கெட் ஐந்து கொண்டுவந்தாலும் ஒரு சிக் இலவசம். காலி பாக்கெட் கொண்டுவருபவர் ஏற்கெனவே ஷாம்புக்குக் காசு கொடுப்பவர். இலவசம் சரியான கைக்கே போகிறது. பிறகு, சிக் பாக்கெட்டுக்கு மட்டும்தான் இலவசம் என்று மாற்றினார். ருசி பார்த்தவர்கள் சிக்கையே கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. கொஞ்சப் பணம் யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்று யோசித்த மூளைதான் அவருடைய மூலதனம்.

நம்பிக்கை: தள்ளுபடி என்பது செலவில்லாத விளம்பரம்.

உண்மை: கணக்குப் போடுங்கள். 70 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்கும் பொருளில் லாபம் 30. பத்து சதவீதம் தள்ளினால் 20. பழைய லாபத்தையே பார்க்க, 100 விற்ற இடத்தில் 150 விற்றாக வேண்டும். அவ்வளவு கூட்டம் வருமா? வராவிட்டால், முழு விலை கொடுக்கத் தயாராக இருந்த பழைய வாடிக்கையாளருக்குத்தான் அந்தப் பத்து ரூபாயைக் கொடுத்திருக்கிறீர்கள்.

நம்பிக்கை: நம்பர்கள் வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வியாபாரம் பெருகும்.

உண்மை: சாதாரண பிராட்காஸ்ட் லிஸ்டில் அனுப்பும் செய்தி, உங்கள் நம்பரைத் தன் போனில் பதிந்து வைத்தவருக்கு மட்டுமே போகும். விலை கொடுத்து வாங்கிய நம்பர்களில் உங்களை யார் பதிந்திருப்பார்கள்? பில் போடும்போதே, "நம்ம நம்பரைப் பதிஞ்சுக்குங்க, புதுச் சரக்கு வந்தா சொல்றோம்" என்று கேட்பதற்குக் காசு வேண்டாம்.

நம்பிக்கை: கூகுள் மேப்பில் கடை தெரியப் பணம் கட்ட வேண்டும்.

உண்மை: வேண்டாம், அது இலவசம். பணம் கேட்டு யாராவது போன் செய்தால் கொடுக்காதீர்கள். கடை திறக்கும் நேரத்தையும் நல்ல போட்டோக்களையும் நீங்களே போடலாம்.

இந்த வாரமே கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். புதிதாக வருகிறவர்களிடம் "நம்ம கடை எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டு எழுதி வாருங்கள். ஒரு மாதம் அதைப் படித்துப் பார்த்த பிறகு, அடுத்த விளம்பரத்துக்குப் பணம் எடுங்கள்.