சேமித்த எழுத்து எப்போது சேரும்?

கணினியில் ஒரு கட்டுரையை எழுதிச் சேமித்ததும் வேலை முடிந்ததென்று எழுந்துவிடுகிறோம். அக்கோப்பு தொலைவிலுள்ள சேவையகத்தில் இருக்க வேண்டியதாயின், நம் எழுத்துகள் சிறிது நேரம் நம் கணினியின் நினைவகத்திலேயே காத்திருக்கக்கூடும். லினக்ஸின் உட்கருவான கெர்னல் அவற்றை எவ்வாறு கொண்டு சேர்க்கிறது என்று காண்போம்.

கெர்னல் கோப்பினைப் பக்கம் பக்கமாக வைத்துக்கொள்கிறது. ஒரு பக்கம் பொதுவாக 4096 பைட்டுகள் கொண்டது. நாம் மாற்றிய பக்கத்திற்கு ‘அழுக்குப் பக்கம்’ என்று பெயர்! முத்து முத்தாக எழுதினாலும் இதே பெயர்தான். இன்னும் சேவையகத்துக்குப் போகவில்லை என்பதே அதன் பொருள். அழுக்காகிச் சுமார் 30 விநாடிகள் கடந்த பக்கங்களைக் கெர்னல் திரட்டி அனுப்பும். இதுவே ‘ரைட்பேக்’.

இங்கே வரிசைமுறை மிக முக்கியம். மதிப்பெண் பட்டியலில் 67 என்று எழுதினோம். அப்பக்கம் வலைவழியே சென்றுகொண்டிருக்கையில் 76 என்று திருத்தினோம் என்று கொள்வோம். பதில் வந்த பிறகு அழுக்கு அடையாளத்தை அழித்தால், புதிய திருத்தத்திற்கான அடையாளமும் உடன் அழிந்துபோகும். சேவையகத்தில் 67 தான் நிற்கும். பாவம், அந்த மாணவி! ஆகவே கெர்னல் அனுப்புவதற்கு முன்னரே அழுக்கு அடையாளத்தை நீக்கி, ‘எழுதப்படுகிறது’ என்னும் வேறோர் அடையாளத்தை இடுகிறது. இடையே திருத்தம் வந்தால் பக்கம் மறுபடியும் அழுக்காகும், மறுபடியும் செல்லும்.

ஏஎஃப்எஸ், சிஐஎஃப்எஸ் போன்ற வலைக் கோப்பு முறைமைகள் இவ்வேலைக்கான நிரலைத் தனித்தனியே வைத்திருந்தன. ஒன்றில் திருத்திய பிழை மற்றொன்றில் அப்படியே கிடக்கும். எனவே 2021-இல் லினக்ஸ் 5.13-இல் ‘நெட்எஃப்எஸ்’ என்னும் பொது நூலகம் சேர்க்கப்பட்டது. வாசிக்கும் பணியை முதலில் ஏற்ற அது, 2024-இல் எழுதும் பணியையும் ஏற்றது. வெளிப்பயன் மாறாமல் உள்ளமைப்பை மாற்றுவது எளிதன்று. அழகுக்காக ஒரு வரியைக் கீழே இறக்கினாலும் 67, 76 கதைதான். சோதனையிலும் அது எளிதில் அகப்படாது. திருத்தம் அந்த ஒரு கணத்தில் வந்தாலன்றோ பிழை தெரியும்!

‘பெற்றுக்கொண்டேன்’ என்ற பதிலையும் உடனே நம்புவதற்கில்லை. 1995-இல் வந்த என்எஃப்எஸ் மூன்றாம் பதிப்பில், சேவையகம் எழுத்தை வட்டில் பதிக்காமலே அவ்வாறு சொல்லலாம். ‘பதித்துவிடு’ என்னும் தனிக் கட்டளைக்கு விடை வரும்வரை நம் கணினி பக்கத்தை விடாது. ஒவ்வொரு விடையுடனும் சேவையகம் ஓர் அடையாள எண்ணை அனுப்பும். எண் மாறியிருந்தால் சேவையகம் இடையில் நின்று மீண்டும் தொடங்கியிருக்கிறது என்று அறிந்து, நம் கணினி பக்கங்களை மீண்டும் அனுப்பிவைக்கும்.