குளிர்காலம் இல்லாத ஊரில் குளிர்காலப் பூ

ஐரோப்பாவில் டிசம்பர் மாதம் வெளியே பனி பொழியும்போது, வீட்டுக்குள் சன்னலோரத் தொட்டியில் பெரிய சிவப்புப் பூக்கள் விரிந்திருக்கும். ‘அமரில்லிஸ்’ என்ற பெயரில் விற்கப்படும் செடி அது. சிங்கப்பூரிலும் சில செடிக் கடைகளில் அது கிடைக்கிறது. வாங்கி வைத்தால் ஒருமுறை அழகாகப் பூக்கும். அடுத்த ஆண்டு இலைகள் மட்டுமே வரும். “இங்கே குளிர்காலம் இல்லையே, இனி எப்படிப் பூக்கும்?” என்று சொல்லிப் பலர் அதைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அந்தக் காரணம் சரிதானா? பார்ப்போம், மாணவர்களே.

வெங்காயத்திலிருந்து தொடங்குவோம்

தேக்கா சந்தையில் வாங்கிய பெரிய வெங்காயம் ஒன்றை மேலிருந்து கீழாக இரண்டாக வெட்டிப் பாருங்கள். அடியில், வேர்கள் முளைக்கும் கெட்டியான சிறு தட்டுதான் அதன் தண்டு. அதன்மேல் அடுக்கடுக்காக இருப்பவை உணவைச் சேமித்துத் தடித்த இலை அடிப்பகுதிகள். நடுவில் இருப்பது குருத்து. இந்த அமைப்புக்குத்தான் குமிழம் என்று பெயர். அமரில்லிஸும் இதே அமைப்பு உடையது. இன்றைய வகைப்பாட்டில் இரண்டும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: அமரில்லிஸ் குமிழத்தில் லைகோரின் என்ற நச்சுப்பொருள் உண்டு. தின்றால் வாந்தியும் வயிற்றுவலியும் வரும். எனவே அதைச் சமையலறையில் வெங்காயக் கூடைக்கு அருகில் வைக்கக்கூடாது.

பூ எப்போது உருவாகிறது?

அமரில்லிஸ் குமிழத்துக்குள் ஏறத்தாழ நான்கு இலைகளுக்கு ஒரு பூந்தண்டு என்ற கணக்கில் மொட்டுகள் உருவாகின்றன. இன்று வெளியே வரும் பூந்தண்டு பல மாதங்களுக்கு முன்பே உள்ளே சிறு புள்ளியாகத் தொடங்கிவிட்டது. அது வளர்வதற்கான உணவை அப்போது வெயிலில் நின்ற இலைகள் ஒளிச்சேர்க்கை மூலம் தயாரித்துச் சேமித்தன.

கடைகளில் மெழுகு பூசிய அமரில்லிஸ் குமிழங்களைப் பார்த்திருப்பீர்கள். மண்ணும் தண்ணீரும் இல்லாமலேயே அவை பூக்கும். காரணம் எளிது: தேவையான உணவும் நீரும் ஏற்கெனவே குமிழத்துக்குள் இருக்கின்றன.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. பூ வராமல் போனால் முதலில் வானிலையைக் குறை சொல்லக்கூடாது. சென்ற ஆண்டு அந்தச் செடியின் இலைகளுக்குப் போதிய வெயில் கிடைத்ததா என்று கேட்க வேண்டும். பொதுவாகச் சுற்றளவு 20 சென்டிமீட்டருக்கு மேல் உள்ள குமிழங்களே நன்றாகப் பூக்கும்.

துலிப் வேறு, அமரில்லிஸ் வேறு

கரையோரப் பூந்தோட்டத்தின் ‘ஃபிளவர் டோம்’ கண்ணாடி மாடத்தில் துலிப் மலர்க் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். துலிப் மத்திய ஆசியாவின் மலைப்பகுதிகளைச் சேர்ந்தது. அதன் பூந்தண்டு சரியாக நீள வேண்டுமானால், குமிழம் பல வாரங்கள் கடுங்குளிரில் இருந்திருக்க வேண்டும்.

நாம் வளர்க்கும் அமரில்லிஸின் தாயகம் தென் அமெரிக்கா. அதன் அறிவியல் பெயர் ஹிப்பியாஸ்ட்ரம். 1821ல் வில்லியம் ஹெர்பர்ட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் இந்தப் பேரினத்துக்கு அப்பெயரைச் சூட்டினார். உண்மையான அமரில்லிஸ் என்பது தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த வேறொரு செடி. ஹிப்பியாஸ்ட்ரத்தின் பல இனங்கள் வாழும் இடங்களில் பனி பெய்வதில்லை. ஆனால் மழையில்லாத மாதங்கள் உண்டு. அந்த வறட்சியில் செடி இலைகளை உதிர்த்து உறங்கும். மழை வந்ததும் விழித்துப் பூக்கும்.

பூந்தோட்டக்காரர்கள் குமிழங்களை சுமார் 13 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில் 8 முதல் 10 வாரங்கள் வைப்பதுண்டு. அப்படிச் செய்தால் அவை ஒரே சீராகப் பூக்கும். ஆனால் துலிப்புக்குத் தேவைப்படும் கடுங்குளிர் இதற்குத் தேவையில்லை. சிங்கப்பூரில் இதற்குக் குறையாக இருப்பது குளிரைவிட வறட்சிதான். இங்கு ஆண்டு முழுவதும் மழை பெய்கிறது. அதிலும் ஆண்டின் கடைசி இரண்டு மாதங்களில் மழை அதிகம். வறட்சியை உண்டாக்குவது நம் கையில் இருக்கிறது: தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினால் போதும்.

பொங்கலுக்குப் பூக்க வைக்கலாமா?

நாள்காட்டியில் பின்னோக்கி எண்ணுவோம். தண்ணீர் ஊற்றத் தொடங்கியதிலிருந்து பூக்க 6 முதல் 8 வாரங்கள் ஆகும். உறக்கத்துக்கு 8 முதல் 10 வாரங்கள். மொத்தம் சுமார் 16 வாரங்கள்.

1. பூத்து முடிந்ததும் வாடிய பூந்தண்டை மட்டும் வெட்டுங்கள். பச்சை இலைகளை வெட்டாதீர்கள். வெயில் படும் இடத்தில் வைத்து, நீரும் உரமும் கொடுங்கள்.

2. செப்டம்பர் கடைசி வாரத்தில் தண்ணீரை நிறுத்துங்கள். மழைச்சாரல் படாத, காற்றோட்டமுள்ள இடத்துக்குத் தொட்டியை மாற்றுங்கள். இலைகள் தாமாகவே மஞ்சளாகி வாடட்டும். பழுத்த ஆப்பிள், வாழைப்பழத்துக்கு அருகில் வேண்டாம். அவை வெளியிடும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் மொட்டைக் கெடுக்கும்.

3. நவம்பர் கடைசியில் தொட்டியை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து சிறிதளவு நீர் ஊற்றுங்கள். குமிழத்தின் மேல்பாதி மண்ணுக்கு வெளியே இருக்கட்டும். முழுவதும் புதைந்தால் அழுகிவிடும்.

4. தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்க விடாதீர்கள். அது குமிழத்துக்கும் கேடு; டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவும் அங்கே முட்டையிடும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு குமிழங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு ஒன்பது வாரங்கள் உறக்கம் கொடுங்கள். மற்றொன்றுக்குத் தொடர்ந்து நீர் ஊற்றுங்கள். தொட்டி, மண், வெளிச்சம் எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். மாற வேண்டியது நீர் மட்டுமே. எது முதலில் பூக்கிறது, தண்டு நாளுக்கு எத்தனை மில்லிமீட்டர் வளர்கிறது என்று குறித்து வாருங்கள். இரண்டு செடிகளை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது. வகுப்பில் பத்துப் பேர் சேர்ந்து செய்தால் உங்கள் முடிவுக்கு வலு கூடும்.

பூத்து முடிந்த தொட்டி உங்கள் வீவக வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள். அதன் இலைகள் அடுத்த பூவுக்கான உணவை இப்போதே சேமித்துக்கொண்டிருக்கின்றன.