கெடாய் என்றால் கடை

பெட்டாலிங் ஜெயாவில், கம்போங் மேடான் பக்கத்து அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தள மண்டபத்தில், சனிக்கிழமை மாலை 3 மணிக்கு மடக்கு மேசைகளை விரிப்போம். தமிழ்ப்பள்ளி முடித்துப் படிவம் 1, படிவம் 2-க்குப் போன பிள்ளைகளுக்கு மலாய் வகுப்பு. 11 வருடமாக நடத்துகிறேன். நான் ஆசிரியர் பயிற்சி பெற்றவள் இல்லை. ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை. இங்கே எழுதுவதெல்லாம் அந்தப் பிள்ளைகளிடம் படித்தது.

முதலில் என் தவறு. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் தமிழோடு வளர்ந்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் நுழைந்த நாளிலிருந்து வரலாறு, புவியியல் எல்லாவற்றையும் மலாயில் கேட்க வேண்டும். மலாயிலேயே முக்கி எடுத்தால்தான் தேறுவார்கள் என்று நினைத்து, மண்டபத்துக்குள் தமிழ் பேசக் கூடாது என்று சட்டம் போட்டேன். எட்டுப் பேர் வந்தார்கள். எட்டுப் பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அதில் ஒரு பெண், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கரும்பலகையில் உள்ளதை அப்படியே எழுதிக்கொள்வாள். கேள்வி கேட்டால் தலை குனிந்து அடிக்கோலைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள். நான்கு மாதம் அவள் குரலையே நான் கேட்கவில்லை.

அவளைக் கூட்டிப்போகப் பாட்டி வருவார். பெட்டாலிங் ஜெயாவே 1950-களில் எஃபிங்ஹாம் என்ற ரப்பர்த் தோட்டத்தின் மேல் எழுந்த ஊர். பண்டார் உத்தாமாவில் இருக்கும் தமிழ்ப்பள்ளியின் பெயரில் அந்தத் தோட்டம் இன்னும் இருக்கிறது. பாட்டியும் தோட்டத்தில் பால் வெட்டியவர்தான், வேறொரு தோட்டம். ஒருநாள் வாசலில் நின்று கேட்டார்: “டீச்சரம்மா, வீட்ல இவ வாய் ஓயாது. இங்க ஏன் புள்ளைங்க வாயைக் கட்டிப் போட்டிருக்கீங்க?” கேட்டுவிட்டு நேராகக் காய்கறி வேனுக்குப் போய், வேன்கார மலாய்ப் பெரியவரிடம் கத்தரிக்காய்க்கு மலாயில் பேரம் பேசி, அரை வெள்ளி குறைத்துவிட்டு வந்தார். பள்ளிக்கூடம் போகாதவர். பேத்தி அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை பலகையின் ஒரு பக்கம் எழுதினேன்: கடை, கப்பல், கட்டில், பெட்டி, திரை, குளம், உலோகம். மறுபக்கம்: கெடாய், காப்பால், காத்தில், பெத்தி, தீராய், கோலாம், லோகாம். தமிழிலிருந்து மலாய்க்குப் போன சொற்கள் இவை. கீழே இன்னொரு வரிசை: நாமா, மூக்கா, வார்னா, பூமி. நாமம், முகம், வர்ணம், பூமி என்று நமக்கும் அவர்களுக்கும் வடமொழி கொடுத்தவை. கடைசியாக ‘மொடால்’ என்று எழுதி, இது நம்முடைய ‘முதல்’, போட்ட முதல் என்கிறோமே அது, என்றேன். அந்தப் பெண் தலை நிமிர்ந்தாள். “டீச்சர், எங்கப்பா எப்பப் பாத்தாலும் ‘மொடால் தாடா’ன்னு சொல்வாரு. அந்த மொடாலா?”

அந்த மொடால்தான்; முதல் இல்லை என்கிறார் அப்பா. அன்றைக்கே சட்டத்தை எடுத்துவிட்டேன்.

இப்படி வகுப்பு எடுக்க நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: சொல்லோடு நின்றுவிடக் கூடாது. பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் வாக்கியம். ‘பெரிய வீடு’ என்று மனத்தில் ஓடுவதால் ‘பெசார் ரூமா’ என்று எழுதுவார்கள். மலாயில் வீடு முன்னால், பெரிய பின்னால், ‘ரூமா பெசார்’. வெறும் சிவப்பு மையால் சுழித்தால் தான் மக்கு என்றுதான் அந்தப் பிள்ளை எடுத்துக்கொள்ளும். தமிழ் வாக்கியத்தைப் பக்கத்தில் எழுதி, எது எங்கே இடம் மாறுகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். நமக்கு வினைச்சொல் கடைசியில், அவர்களுக்கு நடுவில். நாம் சொல்லுக்குப் பின்னால் ஒட்டுவோம், அவர்கள் முன்னாலும் ஒட்டுவார்கள். ‘அஜார்’ என்ற ஒரு வேரிலிருந்து படிப்பதும் கற்பிப்பதும் மாணவரும் பாடமும் பிறக்கின்றன. படிப்பதற்கும் மாணவருக்கும் உள்ள மலாய்ச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் ‘பெலாஜார்’தான்; நமக்கு ஒரே ‘ப’. பலர் தடுமாறுவது இங்கேதான். நான் சொல்வது: பஸ்ஸில் வரும் ‘ப’ என்றால் படிக்கப் போகிறோம், பள்ளியில் வரும் ‘ப’ என்றால் மாணவராகிவிட்டோம். இதைச் சொல்லிக்கொடுத்த பிறகு தேர்வுத்தாளின் ஓரத்தில் சின்னதாகப் பஸ் படம் போட்டு வைத்திருந்த பையனைப் பார்த்திருக்கிறேன்.

பசார் மலாய் என்னும் பேச்சு மலாயைக் கேலி செய்யாதீர்கள். மாமாக் கடையிலும் பந்து விளையாடும் இடத்திலும் வேண்டாம் என்பதற்கு ‘தாக் நாக்’ என்று சரளமாகப் பேசும் பிள்ளை, கட்டுரையில் ‘திடாக் மாவு’ என்று எழுதத் திணறுகிறது. ஆனால் இந்த வித்தை அதற்கு ஏற்கெனவே தெரியும். வீட்டில் ‘போறேன்’ என்கிறவன் தமிழ்க் கட்டுரையில் ‘போகிறேன்’ என்று எழுதத்தானே செய்கிறான்? அதைச் சுட்டிக்காட்டினால் போதும், முகம் தெளிந்துவிடும். மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்ய வைப்பதை நான் நிறுத்திப் பல வருடமாகிறது. தலைப்பு கொஞ்சம் மாறினாலும் பிள்ளை அப்படியே உட்கார்ந்துவிடும்.

பெற்றோருக்குச் சில. படிவம் 1-க்கு முன் புகுமுக வகுப்பில் போட்டுவிட்டார்களா? ஒரு வருடம் போச்சே என்று உறவினர் முன்னால் அழாதீர்கள்; அந்த ஒரு வருடத்தில் மலாயில் காலூன்றி, பிறகு முந்திப் போனவர்கள் என் வகுப்பிலேயே உண்டு. படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் மலாயில் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. 2013 முதல் வரலாறும் அப்படித்தான். தவறியவர்களுக்கு மறுதேர்வு உண்டு, வேலைக்குப் போனவர்களும் எழுதலாம். பெரிய படிவங்களுக்கு, மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்த தம்பிராஜா 1982-ல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் போன்ற கூடுதல் வகுப்பு நிலையங்களைத் தேடிப் போங்கள். மலாய்க்காகத் தமிழை விட்டுவிடவும் வேண்டாம்: இடைநிலைப்பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்புக்கு வசதி செய்ய வேண்டும் என்று 1996 கல்விச் சட்டத்தில் இருக்கிறது. ஒரு பள்ளியில் 14 கையெழுத்தோடு நின்றுபோன கடிதத்தை நான் பார்த்திருக்கிறேன். பதினைந்தாவது அப்பாவுக்கு வேலை நேரம் ஒத்துவரவில்லை. அவர் வீட்டுக்கு இரவு 10 மணிக்குப் போயிருக்க வேண்டும், நாங்கள் போகவில்லை.

மொழியைவிட அவசரமானது ஒன்று உண்டு. புதிதாக வரும் பிள்ளையிடம் இப்போது நான் முதலில் கேட்பது சூராட் பெரானாக், அதாவது பிறப்புப் பத்திரத்தின் நகலைத்தான். கோயிலில் தாலி கட்டியாயிற்று, பதிவு எதற்கு என்று விட்டுவிட்ட குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர் திருமணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதியாவிட்டால் அப்பா நீல அடையாள அட்டை (ஐசி) உள்ள குடிமகனாக இருந்தாலும் பிள்ளைக்குக் குடியுரிமை தாய்வழியில்தான் பார்க்கப்படும். தாய் குடியுரிமை இல்லாதவர் என்றால் பிறப்புப் பத்திரத்திலேயே ‘புக்கான் வார்கானெகாரா’, குடிமகன் அல்லர், என்று விழுந்துவிடும். 12 வயதில் கூட்டாளிகள் ஐசி எடுக்கப் போகும்போதுதான் பல பிள்ளைகளுக்கு அது தெரியவருகிறது. அந்த வெட்கத்திலேயே பள்ளியை விட்டு நிற்கிறார்கள். நிற்க விடாதீர்கள். பெற்றோரில் ஒருவர் மலேசியராக இருந்தால், விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கும்போதே அரசுப் பள்ளியில் படிக்க 2019 முதல் வழி செய்திருக்கிறார்கள். ஒரு கோப்பு வாங்கி, பத்திரங்களின் நகல், போன தேதி, கொடுத்த கடிதம், வாங்கிய ரசீது எல்லாவற்றையும் அதில் வையுங்கள். எந்த அலுவலகத்திலும் அசலைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பாதீர்கள்.

போன வருடம் அப்படி ஒரு பையனோடும் அவன் அம்மாவோடும் பதிவிலாகாவுக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு மலாய் வாசிக்கத் தெரியாது. படிவத்தை அவன்தான் வரி வரியாக வாசித்துத் தமிழில் சொன்னான். ஒரு கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

“டீச்சர், வார்கானெகாரா. இதுவும் நம்ம பக்கத்துச் சொல்லா?”

“வார்கா, வர்க்கம். நெகாரா, நகரம்,” என்றேன்.

அந்தக் கட்டத்தை இன்னும் கொஞ்சநேரம் பார்த்தான். எண்ணைக் கூப்பிட்டார்கள். அம்மா எழுவதற்குள் அவன் கவுண்டருக்குப் போய், கோப்பைப் பிரித்து, “செலாமாட் பாகி, புவான்” என்று தொடங்கினான். மண்டபத்தில் கேட்ட அதே குரல்தான், கொஞ்சம் சத்தமாக.