எந்த உண்டியலில் போடுவது?

வாழைச்சேனையில் கல்யாணக் கார்டும் பிரதேச செயலக விண்ணப்பமும் அடித்துக் கொடுக்கும் கடை ஒன்றில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். விரல் ஓடுவது பழைய பாமினி விசைப்பலகை முறையில். திரையில் விழுவது யூனிகோட் எழுத்து. நடுவில் எ-கலப்பை என்ற இலவச எழுதுகருவி ஓசையில்லாமல் உழுகிறது. லிப்ரே ஒபிஸில் வேலை செய்கிற கடையென்றால் அதற்கும் விலையில்லை. இப்படியான திறந்த மூல மென்பொருளுக்கு நாமும் ஏதாவது கொடுக்கவேண்டும் என்று நினைப்பவருக்கும், தானே ஒன்றை எழுதி வைத்துவிட்டுச் செலவுக்குத் தவிப்பவருக்கும் சில யோசனைகள்.

எவ்வளவு என்று கேட்கமுன் எதற்கு என்று கேளுங்கள். கோபுரம் கட்டச் சேர்க்கும் காசு வேறு, அன்றாட விளக்குக்கு எண்ணெய்க் காசு வேறு.

கோபுரக் காசு சேர்ப்பது இலகு. பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளை வைத்திருந்த நிறுவனம் மூடப்பட்டபோது, ஒரு இலட்சம் யூரோ தந்தால் மூலநிரலைத் திறந்துவிடலாம் என்று முதலீட்டாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதை உருவாக்கிய டொன் ரோசண்டால் 2002இல் மக்களிடம் கையேந்தினார். ஏழே வாரத்தில் தொகை சேர்ந்தது. இவ்வளவு தந்தால் இது கிடைக்கும் என்று கண்ணுக்குத் தெரிந்தால் ஆட்கள் தருவார்கள். உங்களிடமும் அப்படி ஒரு முடிவுள்ள வேலை இருந்தால் ஒருமுறைத் திரட்டலுக்குப் போங்கள்.

எண்ணெய்க் காசுதான் சிக்கல். இணையத்தில் வங்கிக் கணக்குத் திறக்கும்போது தெரியும் பூட்டு அடையாளத்தின் பின்னால் பெரும்பாலும் இருந்தது ஓபன் எஸ்எஸ்எல். அதில் 2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை வெளிப்பட்டபோதுதான், அதற்கு வருடம் முழுக்க வந்த நன்கொடை ஏறக்குறைய 2000 டொலர் என்பதும் வெளியே வந்தது. இன்றைய கணக்கில் ஆறு இலட்சம் ரூபா; ஒரு ஓட்டோ வாங்கவும் காணாது. ஜேர்மனியில் வேர்னர் கொக் 1997இலிருந்து ஜிஎன்யூ பிஜி என்ற மறையாக்க மென்பொருளைக் கிட்டத்தட்டத் தனியாளாகப் பராமரித்து வந்தார். 2015 பெப்ரவரியில் அவருடைய கஷ்டத்தைப் பத்திரிகை எழுதியபின் காசு கொட்டியது. நல்ல செய்திதான். ஆனால் அடுப்பு எரியவில்லை என்று பத்திரிகை எழுதும்வரை யாரும் எட்டிப் பார்க்காதது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதனால், கொடுப்பவரென்றால், மாதாமாதம் அல்லது வருடாவருடம் கொடுப்பதையே நான் சொல்வேன். நன்கொடைத் தளங்களில், தனியாட்கள் அனுப்பும் காசுக்குக் கிட்ஹப் ஸ்பொன்சர்ஸ் (2019இல் தொடங்கியது) தரகு பிடிப்பதில்லை, லிபராபேயும் அப்படித்தான். ஆனால் லிபராபே போன்ற தளங்களில் அட்டைக் கட்டணம் என்றொரு எலி உண்டு. பரிமாற்றம் ஒன்றுக்கு 30 சதமும் மூன்று வீதமும் போனால், ஒரு டொலரில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே தின்னப்படும். மாதம் ஒரு டொலராக அனுப்பாமல் வருடத்துக்குப் பன்னிரண்டை ஒரே தரத்தில் அனுப்புங்கள். டொலரில் நிரந்தர உறுதி கொடுக்கமுன் 2022ஐயும் நினையுங்கள்: இருநூறு ரூபாவுக்கு இருந்த டொலர் சில மாதத்தில் முந்நூற்றறுபதைத் தொட்டது.

பெறுபவர் இங்கே இருந்தால் கதை வேறு. பேபால் வழியாக இலங்கையிலிருந்து காசு அனுப்பலாம். பெறுவது நெடுங்காலம் முடியாமலே கிடந்தது. அப்படியான இடத்தில் குடை நிறுவனம் கைகொடுக்கும். ஓபன் சோர்ஸ் கலெக்டிவ் பத்து வீதம் எடுத்துக்கொண்டு கணக்கு, பற்றுச்சீட்டு, வரி எல்லாவற்றையும் பார்க்கிறது. பத்து வீதம் கூட என்று முணுமுணுப்பவர்கள், ஒரு வருடம் தாங்களே கணக்கெழுதிப் பார்க்கட்டும். தமிழ் வேலைகளுக்குத் தமிழ்நாட்டின் கணியம் அறக்கட்டளை இருக்கிறது; வரவையும் செலவையும் பொதுவில் வைக்கிறார்கள்.

பெரிய கொடையாளரை நம்பலாமா? 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கல்குடாக் கரையையும் விடவில்லை. அந்த நாட்களில் காணாமற்போனவர்களையும் முகாம்களையும் பதிய, இலங்கை நிரலாளர்கள் சம்பளமின்றி இரவுபகலாக எழுதியது ‘சஹானா’. பிறகு சுவீடன் அரசின் சீடா நிறுவனம் காசு தந்தது. பாகிஸ்தான் நிலநடுக்கம் வரை சஹானா போனது. கொடை வேகமாக வளர்க்கும். காலம் முடிந்ததும் நின்றுவிடும். அதை முதல் வருடச் சோறாக வைத்துக்கொள்ளலாம், ஆயுள் சோறாக அல்ல.

எனக்குப் பிடித்த வழி நம் பக்கத்திலேயே இருக்கிறது. மட்டக்களப்புக் கோயில்களில் திருவிழா நாட்களைத் தாய்வழிக் குடிகள் பங்கு போட்டு எடுக்கும். ஒரு குடி ஒரு நாளின் செலவைத் தாங்கும். நானும் மூன்று நண்பர்களும் அதைத்தான் செய்கிறோம்: ஆளுக்கொரு மென்பொருள், ஒரு வருடம், பிறகு மாற்றிக்கொள்வோம்.

முதல் வருடம் எனக்கு வாய்த்தது சரிவரவில்லை. பெயர் வேண்டாம், காசு போய் ஆறு மாதத்தில் நிரலில் அசைவே இல்லை. இப்போது அனுப்பமுன் கணக்கைத் தேடுகிறேன். திருவிழா முடிந்ததும் மதிலில் ஒட்டும் தாளில் ஒலிபெருக்கி வாடகை, வாழைக்குலை, ஐயர் தட்சணை என்று வரிவரியாக இருக்குமல்லவா, அதுபோல. இல்லையென்றால் போன வருடச் செலவைக் கேட்டு ஒரு மின்னஞ்சல் போடுவேன். இரண்டு கிழமைக்குள் பதில் வந்தால் சரி. வராவிட்டால் அந்த வருடக் காசு அடுத்த நண்பரின் மென்பொருளுக்குப் போகும்.