பழைய ஃபோர்வீல் வாகனமும் வியாபாரியின் கணக்கும்

எமது இறம்பொடைப் பக்கத்தில் கடை நடத்துபவர்கள் பலரிடம் இருபது, முப்பது வருடப் பழைய ஃபோர்வீல் வாகனம் ஒன்று இருக்கும். டீசல் ஜீப், டபள் கெப் என ஏதாவது ஒன்று. கம்பளையிலிருந்து வரும் லொறி பிரதான வீதியில் சரக்கை இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து மேல் டிவிசன் லயங்களுக்கு அரிசி, மா மூடைகளைக் கொண்டு செல்வதும், திரும்பும்போது கரட், லீக்ஸ், கோவா ஏற்றி வருவதும் இந்த வாகனங்களே. நானும் அப்படி ஒரு டீசல் ஜீப்பைப் பல வருடங்களாக வைத்திருக்கிறேன். "இதையே ஓட்டுவதா, விற்றுவிட்டு லீசிங்கில் வேறொன்று எடுப்பதா?" என்று சக வியாபாரிகள் அடிக்கடி கேட்பதால் இந்த வாரம் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் விலை பற்றிய மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அதுவும் பாரிய வரிகளுடன். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் பழைய ஜீப்புகளின் விலை வாங்கிய விலையையே தாண்டிவிட்டது. 'பத்துக்கு வாங்கியது முப்பதுக்குப் போகிறது' என்று மகிழ்பவர்கள் உண்டு. ஆனால் அதை விற்றவர் மறுநாள் சரக்கு ஏற்ற வேறொன்றை அதே உயர்ந்த விலைக்குத்தான் வாங்க வேண்டும். ஆகவே அந்த உயர்வு கையில் வராத இலாபம். கல்லாக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

பார்க்க வேண்டிய கணக்கு, ஒரு கிலோமீற்றர் ஓட எவ்வளவு செலவாகிறது என்பதே. பெரும்பாலானோர் டீசலை மட்டும் செலவாக எழுதுகிறார்கள். டயரும் கிளட்ச்சும் மாற்றும் மாதத்தில் 'வண்டி தின்றுவிட்டது' என்கிறார்கள். அந்த மாதத்தில் அது தின்னவில்லை. ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டுதான் இருந்தது. உதாரணத்துக்கு நான்கு டயர் 1,60,000 ரூபா, 40,000 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோமீற்றருக்கு 4 ரூபா. ஒயிலும் பில்டர்களும் 5,000 கிலோமீற்றருக்கு 30,000 ரூபா என்றால் 6 ரூபா. கிளட்ச்சுக்கு 1 ரூபா, என்றோ ஒரு நாள் வரப்போகும் என்ஜின் வேலைக்கு 3 ரூபா, பிரேக், ஸ்ப்ரிங், புஷ் வகையறாவுக்கு 6 ரூபா என்று போட்டால் மொத்தம் 20 ரூபா. மாதம் 1,200 கிலோமீற்றர் ஓடினால் 24,000 ரூபா. டீசல், சாரதி, காப்புறுதி எல்லாம் இதற்கு வெளியே. இந்தத் தொகையை மாதாமாதம் தனி உண்டியலிலோ தனிக் கணக்கிலோ போட்டுவிடுங்கள். உங்கள் விலைகள் வேறாக இருக்கலாம், கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

பின்னர், அதே மாதம் வாடகை வாகனத்தில் ஏற்றியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்பதையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மாதத்தில் ஐந்தாறு நடைதான் தேவை என்பவருக்கு வாடகையே இலாபம் என்பது எனது எண்ணம். 2022 ஜூன் இறுதியில் ஒட்டோ டீசல் லீற்றர் 460 ரூபாவானது. அந்த நாட்களில் இப்படி எழுதிப் பார்த்த பிறகு ஜீப்பை விட்டுவிட்டு வாடகைக்கு மாறியவர்களை நான் அறிவேன். இன்றும் அவர்களின் கடை நன்றாகத்தான் ஓடுகிறது.

வைத்திருப்பது என்று முடிவெடுத்தால் மலைக்குரிய பராமரிப்பு வேண்டும். கொழும்பில் ஓடும் வண்டிக்குச் சொல்லும் அறிவுரை இங்கே போதாது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 100 பாகையில் அல்ல, சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். பாரத்துடன் லபுக்கலை ஏற்றம் ஏறும் வண்டியின் ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்காமல் இருப்பது மூடி பிடித்துவைக்கும் அழுத்தத்தால்தான். அந்த மூடியின் ஸ்ப்ரிங்கோ ரப்பரோ தளர்ந்தால் தண்ணீர் கொதித்து வெளியேறும், ஹெட் கேஸ்கட் போகும், சிலிண்டர் ஹெட் வளையும். ஒரு மூடியின் விலையில் தப்ப வேண்டியது இலட்சக் கணக்கில் போய் முடியும். வருடத்துக்கொரு முறை மூடியை மாற்றிவிடுங்கள். வெறும் தண்ணீர் ஊற்றாமல் கூலண்ட் ஊற்றுங்கள்.

ஏற்றத்தை விட இறக்கம் பொல்லாதது. 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்ல பகுதியில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டோம். அந்த விபத்தின் காரணத்தை ஆராய்வது எனது வேலையல்ல. நாம் தினமும் பாரம் ஏற்றிச் செல்லும் பாதை எத்தகையது என்பதற்காகச் சொல்கிறேன். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. எமது பனிமூட்டத்தில் கேட்கவே வேண்டாம். ஈரம் சேர்ந்த ஒயில் நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் மிதிக்கும் பெடல் கீழே போய்விடும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கொரு முறை அதை முழுதாக மாற்ற வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் சாரதியிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அதே கியரில் இறங்குவது பழைய லொறிச் சாரதிகளின் வழக்கம், இன்றைக்கும் அதுதான் சரி.

ஃபோர்வீல் போடும் சின்ன லீவர் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய ஜீப்புகளிலும் கெப்களிலும் பெரும்பாலும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்சல் கிடையாது. காய்ந்த தார் வீதியில் ஃபோர்வீலில் ஓட்டினால் வளைவுகளில் இரண்டு அச்சும் ஒன்றையொன்று இழுத்து டயரையும் ட்ரான்ஸ்பர் கேஸையும் தின்னும். அதற்காக வருடக்கணக்கில் தொடாமலே விட்டால் தேவையான அன்று லீவர் விழாது. மாதம் ஒருமுறை சேற்றுப் பாதையில் ஓரிரு கிலோமீற்றர் போட்டு ஓட்டுங்கள். நான்கு டயரும் ஒரே அளவாக இருக்கட்டும். ஓடை கடந்து வந்தால் டிஃபரன்சல் ஒயிலைத் திறந்து பாருங்கள். பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று, ஃபோர்வீல் இருக்கிறது என்ற துணிச்சலும் ஆபத்தே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மண்சரிவால் நுவரெலியாவுக்கான பாதைகள் தடைப்பட்டன. சரிந்துவரும் மண்ணுக்கு முன்னால் நான்கு சக்கரம் இழுத்தாலும் ஒன்றுதான், இரண்டு இழுத்தாலும் ஒன்றுதான்.

பழையது ஒன்றை வாங்கப் போகிறவர்கள் பெயின்டைப் பார்த்து மயங்க வேண்டாம். சுத்தியலால் செஸியைத் தட்டிப் பாருங்கள். குறிப்பாக ஸ்ப்ரிங் பூட்டும் இடங்களை. ஈரமான சேறு உள்ளே தங்கி அங்கேதான் துரு பிடிக்கும். என்ஜின் உழைத்திருந்தால் செய்துகொள்ளலாம், செஸி இற்றுப்போனால் அந்த வண்டியை விட்டுவிட வேண்டியதுதான். அடுத்து, பதிவுப் புத்தகத்திலுள்ள என்ஜின் இலக்கமும் வண்டியிலுள்ளதும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். பழைய ஜீப்புகளில் என்ஜின் மாற்றி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் விட்டவை உண்டு. அந்தத் தலைவலி வாங்குபவருக்கே. புகைப் பரிசோதனையும் கவனம்: 2008இல் அது ஆரம்பமானது முதல் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. உயரத்தில் காற்று ஐதாக இருப்பதால் டர்போ இல்லாத டீசல் என்ஜின் கறுப்புப் புகை அதிகம் தள்ளும். எயார் பில்டரையும் இன்ஜெக்டர்களையும் சுத்தம் செய்த பிறகே கொண்டுபோங்கள்.

உதிரிப்பாகத்துக்கு பஞ்சிகாவத்தைதான் நமக்குத் தாய்க்கடை. பழுதான பிறகு ஓடாமல், வேறு வேலையாகக் கொழும்பு போகும்போதே பெல்ட், ஹோஸ், வோட்டர் பம்ப், கிளட்ச் தட்டு வாங்கிக் கடையில் ஒரு மூலையில் வைத்திருப்பது நல்லது. மரக்கறி ஏற்றிய வண்டி இரண்டு நாள் கராஜில் நின்றால் போவது பாகத்தின் விலை மட்டுமல்ல, தோட்டத்தில் மூடை எதிர்பார்த்திருந்தவர் வேறு கடைக்குப் போய்விடுவார். கடந்த வருடம் ஒரு கடையில் அசல் என்று தந்த வோட்டர் பம்ப் எனக்கு மூன்று மாதம்கூட வரவில்லை. பற்றுச்சீட்டில் 'அசல்' என்று எழுதி வாங்கும் பழக்கம் அதற்குப் பிறகு உறுதியானது.

ஸகாத் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். சொந்தத் தொழிலுக்குப் பாவிக்கும் வாகனத்தின் பெறுமதி ஸகாத் கணக்கில் சேராது. விலையேறட்டும், விற்போம் என்று வாங்கி நிறுத்தி வைத்திருக்கும் ஜீப் வியாபாரப் பொருளாகும். மேலதிக விவரங்களை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விற்கும்போது செஸியில் ஒட்டுப் போட்ட இடத்தைப் பெயின்டால் மறைக்காமல் வாங்குபவருக்குக் காட்டிவிடுங்கள், விலையில் குறைந்தாலும் பரவாயில்லை.

எனது ஜீப்பை எப்போது கொடுப்பேன் என்று கேட்டால், உண்டியலில் போடும் தொகை தொடர்ந்து இரண்டு வருடம் போதாமல் போனாலோ, செஸியில் இரண்டாவது ஒட்டு விழுந்தாலோ கொடுத்துவிடுவேன். இந்த வருடம் உண்டியலில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.