அரியர் வைத்தால் ஒரு வருஷம் போய்விடுமா?

பாகூர் கொம்யூனில் ஒரு கிராமம். நெல் விவசாயக் குடும்பம். அந்த வீட்டு அம்மா கேட்டது இது: “பையன் பாண்டியில பி.எஸ்சி. ரெண்டாவது வருஷம். போன செமஸ்டர்ல ரெண்டு பேப்பர் போயிடுச்சாம். அவன் சொல்லலை. அவன்கூடப் படிக்கிற பையனோட அம்மா பால் ஊத்துற எடத்துல சொல்லித்தான் தெரியும். ஒரு வருஷம் வீணாப் போச்சேன்னு அவங்கப்பா ரெண்டு நாளா அவன்கிட்டப் பேசறதில்லை. எங்க ரெண்டு பேருக்கும் படிப்பு கிடையாது. நாங்க என்ன செய்ய முடியும்? காலேஜுக்குப் போய் வாத்தியாரைப் பார்க்கலாமா?”

அம்மா, முதலில் அவன் அப்பாவிடம் சொல்லுங்கள், வருஷம் எதுவும் போகவில்லை. நம் காலத்தில் பத்தாவதில் ஒரு பாடம் போனால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அந்தப் பயம் இன்னும் நம்மை விடவில்லை. கல்லூரியில் அப்படி இல்லை. போன பேப்பரை மறுபடி எழுதிக்கொண்டே அடுத்த செமஸ்டருக்குப் போகலாம். அதற்காக அலட்சியமாகவும் இருக்க முடியாது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் கம்பெனிகள் பல, அரியர் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கும். இத்தனை வருஷத்துக்குள் பட்டத்தை முடிக்க வேண்டும் என்ற வரம்பும் உண்டு.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அரியர் பேப்பருக்குத் தனியாகத் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும். அதற்குக் கடைசித் தேதி உண்டு. வீட்டில் பணம் கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். அதனால் கேட்காமலே தேதியை விட்டுவிடுவான். இரண்டு அரியர் ஐந்தாகும், ஐந்து ஒன்பதாகும். நான் பாடம் நடத்திய காலத்தில் இப்படி மூழ்கிய பையன்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் மக்குப் பையன் என்று ஒருவனையும் சொல்ல மாட்டேன். வீட்டில் வாய் திறக்கப் பயந்தவர்கள்தான். ஆகவே இன்று ராத்திரி சாப்பாடு போடும்போதே கேளுங்கள்: “அந்த ரெண்டு பேப்பருக்கு எவ்வளவு கட்டணும், எப்போ கடைசித் தேதி?” ஏன் போச்சு என்ற கேள்வியை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். அவனாகவே சொல்வான்.

சொல்லும்போது பெரும்பாலும் வரும் காரணம் இங்கிலீஷ். பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு, கல்லூரியில் பாடம், புத்தகம், கேள்வித்தாள் எல்லாம் ஒரே நாளில் ஆங்கிலமாகிவிடுகிறது. முதல் வருஷம் பாதி நாள் புரியாமலே உட்கார்ந்திருப்பான். தெரியாது என்று கை தூக்கவும் கூச்சம். அதே தடுமாற்றம் உள்ள நாலு பேர் சேர்ந்து படித்தால் வழி பிறக்கும். ஞாயிற்றுக்கிழமை அவர்களை உங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து படிக்கச் சொல்லுங்கள். டீ போட்டுக் கொடுக்கப் படிப்பு வேண்டாம்.

அடுத்தது, நேரம். பாகூரிலிருந்து பாண்டி பஸ் ஸ்டாண்டு. அங்கே இறங்கி இன்னொரு பஸ் பிடித்து லாஸ்பேட்டை. லேப் இருக்கும் நாளில் வீடு திரும்ப விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிடும். செருப்பைக் கழற்றுவதற்குள் “போய் மோட்டார் போட்டுட்டு வா” என்கிறார் அப்பா. வீட்டு வேலை செய்யட்டும், தப்பில்லை. ஆனால் நவரை அறுப்பும் ஏப்ரல், மே செமஸ்டர் தேர்வும் ஒன்றாக வந்து விழுகின்றன. தேர்வு அட்டவணை வந்ததும் நெல் மூட்டைக் கணக்கு எழுதும் காலண்டரிலேயே அந்தத் தேதிகளை வட்டம் போடுங்கள். அந்த நாட்களுக்கு மட்டும் ஆள் வைத்துக்கொள்ளுங்கள். நேரம் மிச்சம் என்று பைக் கேட்பான். கடலூர் சாலையை நினைத்துப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

பெண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வில்லியனூர் பக்கம் நல்ல மதிப்பெண்ணோடு இரண்டாம் வருஷம் படிக்கும் பெண்ணுக்குத் திடீரென்று நல்ல இடம் வந்துவிடும். நிச்சயம் மட்டும் பண்ணிக்கொள்ளலாம், படிப்பு பாட்டுக்குப் படிப்பு என்பார்கள். நிச்சயமான பிறகு மாப்பிள்ளை வீட்டு விசேஷம், போன், புடவை எடுக்கப் போவது என்று அந்த செமஸ்டரே கரைந்துவிடும். கடைசித் தேர்வு எழுதி முடிக்கும்வரை யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். “உங்க பொண்ணை பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன்” என்று யாராவது வந்து சொன்னால், ஆமாம், பஸ்ஸுக்கு நின்றிருப்பாள் என்று சொல்லி அனுப்புங்கள்.

பணம். பாகூருக்குக் கல்லூரி புதிதல்ல. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், இங்கிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களை எழுதிவைத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. படிக்கிறவன் சோற்றுக்கு அலையக்கூடாது என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. இன்றைக்கு அந்த மூன்று ஊர் வருமானம் உங்கள் கழுத்துச் சங்கிலிதான். அதை அடகு வைக்குமுன் தாலுகா ஆபீசில் வருமானச் சான்றும் சாதிச் சான்றும் புதிதாக வாங்கிவிட்டு, தேசிய உதவித்தொகை இணையதளத்திலும் ஆதிதிராவிடர் நலத்துறையிலும் உங்களுக்குப் பொருந்துவது என்ன என்று பாருங்கள். கடலூர்க் கல்லூரியில் சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழக அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய், தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்களுக்குத்தான். புதுச்சேரிப் பள்ளியில் படித்த நம் பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் அது வராது. அந்தப் பணத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். இன்னொன்று, எந்தக் கல்லூரியும் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே சொல்லிவிட்டது. சரிபார்த்ததும் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள்.

பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரிடமும் பேசாமல் இருந்தால் அதைத் திமிர் என்று நினைத்துவிடாதீர்கள். 14416 டெலிமானஸ் எண். பணம் கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அவன் பேச மறுத்தால் நீங்கள் பேசி, என்ன செய்யலாம் என்று கேளுங்கள். ராகிங் என்றால் 1800 180 5522.

காலேஜுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் அவனுக்குத் தெரியாமல் போகாதீர்கள். எந்த நாள் என்பதை அவனே சொல்லட்டும். பாடம் எடுக்கும் நேரத்தில் வாசலில் நிற்காமல் மதிய இடைவேளையில் துறைத்தலைவரைப் பாருங்கள். வருகைப் பதிவு எவ்வளவு, இன்டர்னல் மார்க் எவ்வளவு, அரியர் எத்தனை என்று கேட்டு ஒரு தாளில் அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். திரும்பி வரும்போது மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் வாருங்கள். பேச வேண்டியதைப் பாகூர் வருவதற்குள் பேசிவிடலாம்.