நாள் தள்ளிப் போகிறதா? காலண்டரில் குறியுங்கள்

நாற்பதைத் தாண்டியவர்கள் அடுக்களை மாதக் காலண்டரில் மாதவிலக்குத் தேதியை வட்டமிட்டு வையுங்கள். ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் 7 நாளோ அதற்கு மேலோ வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால், மாதவிலக்கு நிற்பதை நோக்கிய மாற்றம் தொடங்கிவிட்டது. 60 நாளுக்கு மேல் வராமல் போனால் அந்த மாற்றத்தின் பிற்கட்டம். உடம்பு குப்பென்று சூடாகி, நள்ளிரவில் நைட்டி நனைவது பெரும்பாலும் இப்போதுதான். தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால்தான் 'நின்றுவிட்டது' என்று கணக்கு. அதுவரை கருத்தரிக்க வாய்ப்புண்டு. பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

நின்றபின் ஒரு சொட்டு பட்டாலும், 'உடம்புச் சூடு' என்று வெந்தயத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்காதீர்கள்; மருத்துவரிடம் காட்டுங்கள். நெல்லித்தோப்புக்காரர்களுக்கு எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனை பக்கம்தானே! காலண்டரையும் கையோடு கொண்டுபோங்கள். 40 வயதுக்கு முன்பே நின்றாலும் போய்க் காட்டிவிடுங்கள்.